சிரித்தால் படம் ஆடும்

அவள் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது அவளிடம் கொண்டுபோய்க் காட்டுவார்கள். காட்டினால் சிரிப்பாள். சிரிக்க ஆரம்பித்தால் அவளை நிறுத்த ஆள் கிடையாது.

எழுபதுகளில் செங்கல்பட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளுக்கு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். எனக்கு அதற்கு அடுத்த இருட்டறை. அவள் படம் எடுக்கிற கண்ணாடி பிளேட்டைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் என்னை "இருட்டுக்காரி" என்று கூப்பிடுவாள். நான் அவளைக் கூப்பிட்டதையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாது.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு இரும்புத் தூண். அதன் உச்சியில் ஒரு மெல்லிய கம்பி. அதைச் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் கிளம்பும், பல ஆயிரம் வோல்ட் கொடுத்து அவற்றைக் கீழே விரட்டுவோம். கண்ணாடி லென்ஸ் இந்த வேலைக்கு ஆகாது, காந்தச் சுருள்தான் லென்ஸ். தூணுக்குள் காற்று இருந்தால் எலக்ட்ரான் அதில் முட்டி மோதிச் சிதறிவிடும், அதனால் பம்பு வைத்து நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க வேண்டியதைத் துவரம்பருப்பு அளவுள்ள செப்பு வலையில் காயவைத்து உள்ளே அனுப்பினால், அதை ஊடுருவி வரும் எலக்ட்ரான் அடியில் உள்ள திரையில் விழுந்து பச்சையாக ஒளிரும். பல்லாயிரம் மடங்கு பெரிதாகத் தெரியும். பல்லாயிரம் மடங்கு என்றால், ஆட்டமும் பல்லாயிரம் மடங்குதான். எலக்ட்ரிக் ரயில் போனால் படம் ஆடும். லாரி போனால் ஆடும். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் ஆடும். மெஷின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்தால் கேட்கவே வேண்டாம்.

சிரிப்பாள். எதை முதல் தடவை பார்த்தாலும் சிரிப்பாள். ஜோக்கு ஒன்றும் இருக்காது. எலும்புத் துண்டு, இரும்புத் துரு, பால்பண்ணையிலிருந்து வந்த பாக்டீரியா, எதுவாக இருந்தாலும் சரி. மெஷினின் அடியில் உள்ள சின்ன ஜன்னல் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்ப்பாள், குமிழைத் திருப்பித் திருப்பித் தெளிவாக்குவாள். தெளிவான அந்த நொடியில் வயிற்றிலிருந்து கிளம்பும் ஒரு சிரிப்பு. பிளேட்டைக் கழுவிப் பார்த்தால் எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரியும்.

"சிரிச்சுத் தொலைக்காதடீ! இன்னிக்கு மட்டும் எத்தினி பிளேட்டு போச்சு தெரியுமா?" என்று நான் இருட்டறையிலிருந்தே கத்துவேன்.

"இன்னா பண்றது இருட்டுக்காரி, அது பாட்டுக்கு வர்து. நீயே வந்து பாரேன். இத்தினி நாளா இது இப்டி இருந்துகினு கீது, நமக்குத் தெர்ல பாத்தியா!" என்பாள். அவ்வளவுதான் அவளுக்குக் காரணம்.

டைரக்டர் மெமோ கொடுத்துப் பார்த்தார். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொன்னார். கைக்குட்டையோடு சிரித்தாள். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எதையும் முதலில் பார்த்தவுடன் மெஷினை விட்டு எழுந்து வராந்தாவுக்கு ஓடுவது, அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடிப்பது, முகம் கழுவிக்கொண்டு வந்து படம் எடுப்பது. அதற்குள் ரயில் வந்துவிடும். ரயில் போகும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் கூடத்தில் ஒரு படம் எடுக்க ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்று வெளியூர் விஞ்ஞானிகள் கேட்டால், டைரக்டர் "லோக்கல் கண்டிஷன்ஸ்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அவள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். அவள் நைனாவுக்குக் கட்டுமரம், அம்மாவுக்கு மீன் கூடை. ஒரு திங்கட்கிழமை இருமல் மருந்து பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். அதில் கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு, அதற்குக் கண்ணாடி மாதிரி ஓடு உண்டு என்று எங்கேயோ படித்திருக்கிறாள். உப்பைக் கழுவி, ஒரு சொட்டைக் காயவைத்து உள்ளே விட்டாள். பிறகு வராந்தாவுக்கு ஓடக்கூட முடியவில்லை, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தேன். யா அல்லா! ஓடு முழுக்க ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் இன்னும் சின்ன ஓட்டைகள், ஒரு வரிசை தப்பவில்லை. எங்கள் அத்தா கடையில் சல்லடை விற்றோம், அப்படி ஒரு சல்லடையை நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளே அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள், சந்தையில் விற்றது போக மிச்ச மீனோடு. அந்த அம்மா கூடையை மெஷின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு ஜன்னலில் கண்ணை வைத்தார்.

"இன்னாடி இது, இட்லித் தட்டு மாரி கீது?"

"நம்ம கடல்மா. நீ டெய்லி கால் நனைக்கிறல்ல, அந்தத் தண்ணிதான்."

"இத்தப் பாக்கவா உனக்கு சம்பளம் தர்றானுங்கோ?"

டைரக்டர் வந்துவிட்டார். தூசி படக்கூடாது, வாசனைத் திரவியம் கூடாது என்று அறை வாசலில் அவரே எழுதி ஒட்டியிருந்த இடத்தில் ஒரு கூடை சங்கரா மீன்! கத்த வாயைத் திறந்தார். அந்த அம்மா நல்லதாகப் பார்த்து இரண்டு மீனை எடுத்து, தாமரை இலையில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். சாயங்காலம் அவர் சைக்கிள் கேரியரில் அந்த இலைப் பொட்டலத்தை நான் பார்த்தேன். அந்த மாதம் மெமோ ஒன்றும் வரவில்லை.

யார் வந்தாலும் விளக்கம் சொல்லுவாள். "வெளிச்சத்துக்கு விரல் தடிப்பு. தடிச்ச விரல வெச்சிகினு கடுகு மேல இருக்கற கோட்டத் தடவிப் பாக்க முடியுமா? எலக்ட்ரானுக்கு ஊசி விரல். அதான் அது தடவிச் சொல்லுது." தபால்காரருக்கு இதே விளக்கம்தான், அமைச்சருக்கும் இதே விளக்கம்தான். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைப் பையன் ஆசையாக, "என் தலைமுடியை அதுல வெச்சுப் பாத்தா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறான். பாவம், அவனுக்கு முன்பக்கம் ஏற்கெனவே காலி. இவள் அவன் தலையைப் பார்த்தாள், பிறகு சமையல்கட்டுக்குள் ஓடினாள். பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்களாம். "ஒரு முடி போதும், மிச்சம் வெச்சிக்கலாம்னுதான்டி சொல்ல வந்தேன். அது தப்பா?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டாள்.

இப்படிப்பட்டவளை நான் ஒரு நாள் சிரிக்காமல் பார்த்தேன்.

கோடை. வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் அம்மா கூடை இல்லாமல் கூடத்து வாசலில் வந்து நின்றார். அவளுடைய அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், ஐந்து வயது. உடம்பெல்லாம் முத்து போட்டிருக்கிறது. பெரியம்மை நாட்டைவிட்டே போய்விட்டது என்று எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. சுகாதார ஆபீசர் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனாராம்.

"பெரீம்மையா இருக்குமோன்னு சந்தேகமாம். யாரும் வெளிய போவக் கூடாதுன்னு ஊரச் சுத்திக் கவுறு கட்றாங்கோ. நாளிக்குக் காலைல புள்ளயத் தூக்கினு மெட்ராஸுக்குப் போய்த் தனியா ஒரு கொட்டாயில போட்டுருவாங்களாம். உங்கக்கா வாசப்படியில அருவாமனையோட குந்திகினு கீறா. கவுறு கட்றதுக்குள்ள ஓடியாந்தேன். எதினா பண்ணுடீ!"

டைரக்டர் அந்த அம்மாவிடமிருந்து இரண்டடி பின்னால் தாவினார். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் அவரே சொன்னார், மெஷினால் இதைச் சொல்ல முடியும் என்று. பெரியம்மைக் கிருமி செங்கல் வடிவம். சின்னம்மைக் கிருமி உருண்டை, அதைச் சுற்றித் தளர்ந்த ஓர் உறை, ஆஃப்பாயில் மாதிரி. செங்கல்லா, ஆஃப்பாயிலா என்று பார்த்துவிட்டால் போதும். காய்ந்த முத்தின் பொருக்கு கொஞ்சம் வேண்டும், அவ்வளவுதான். பொருக்கை ஆபீசர் வடக்கே பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பதில் வர நாள் கணக்காகும், அதற்குள் குழந்தை கொட்டகைக்குப் போய்விடும்.

இவளைத் தனியாக அனுப்ப அவருக்குப் பயம், என்னையும் கூட அனுப்பினார். தோளில் அம்மை குத்திய தழும்பு எங்கள் இரண்டு பேருக்கும் உண்டு. போதாது என்று கயிற்றருகே இன்னொரு தடவை குத்தினார்கள். ஆபீசர் கண்ணாடி போட்ட, சிடுசிடுத்த மனிதர். "அந்தம்மா இடுக்கியைக் கிட்டேயே விடலை. முடிஞ்சா எடுத்துக்குங்க. நாளைக்குக் காலையில படத்தோட வாங்க. தெளிவா இருந்தா நானே பார்த்து முடிவு பண்றேன். இல்லேன்னா ஜீப்பு கிளம்பிடும்," என்றார்.

வாசலில் வேப்பிலைக் கொத்து. படியில் அக்கா, பக்கத்தில் நிஜமாகவே அரிவாள்மனை.

"அம்மா எறங்கியிருக்கற ஒடம்பு. அது மேல இரும்பு வெப்பாங்களா? நீ படிச்சிட்டா எதினா பண்ணுவியா?"

"இரும்பு வோணாங்க்கா. நான் உன்னக் கேக்கல. அம்மாவையே கேக்கறேன்."

அக்கா அரிவாள்மனையை ஓரமாகத் தள்ளி வழிவிட்டாள். அம்மை போட்ட வீட்டில் படுத்திருப்பது பிள்ளை இல்லை, அம்மன். அவர்கள் வழக்கம் அது. கேட்டால் அம்மனைத்தான் கேட்க வேண்டும், சொன்னால் அம்மன்தான் சொல்ல வேண்டும். இவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள், நான் கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். வேப்பிலைப் படுக்கையில் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு அந்தக் குட்டி படுத்திருந்தது, கண் மட்டும் பளபளவென்று. இவள் கைகூப்பி மண்டி போட்டாள்.

"தாயே, உன் முத்துல ரெண்டே ரெண்டு குடு. காஞ்சி உதுர்றது போதும்."

குட்டி கொஞ்சம் யோசித்தது. ஒரு வாரமாக வீட்டில் எல்லாரும் தன்னைக் கும்பிடுவது அதற்குப் பிடித்துப்போயிருந்தது போலிருக்கிறது.

"இன்னா தருவ?"

"இன்னா வோணும் சொல்லு தாயே."

"ஐஸு. செவப்பு ஐஸு."

"அடியே, ஐஸு ஆவாது!" என்று அக்கா வாசலிலிருந்து கத்தினாள், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு பேரம் நடந்தது. கடைசியில் அம்மன் நுங்குக்கு இறங்கி வந்தாள். இலையில் உதிர்ந்து கிடந்த இரண்டு பொருக்கைத் தானே பொறுக்கி, பெரிய மனசோடு இவள் கையில் வைத்தாள். அக்கா அரிவாள்மனையை எடுத்து அதிலேயே நுங்கு சீவிக் கொடுத்தாள்.

ஆபீசரின் ஜீப்பில் திரும்பினோம். வழியெல்லாம் அவள் குழாயை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது, "செங்கல்லா மட்டும் இருக்கக் கூடாதுடீ," என்றாள். செங்கல்பட்டுக்காரி என்னிடம் சொல்லும் பேச்சா இது என்று கேட்டேன், கொஞ்சம் சிரிக்கட்டுமே என்றுதான். சிரிக்கவில்லை.

முதல் பொருக்கு மோசம் போயிற்று. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடவிய தடவலில் வலை முழுக்கக் கறுப்புக் கறுப்பாகத் திட்டு, கிருமி இருந்தாலும் தெரியாது. மிச்சம் ஒரே ஒரு பொருக்கு. டைரக்டர் நகம் கடிக்க ஆரம்பித்தார். இவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறையோடு கை விட்டு, அந்தப் பொருக்கைத் திரும்பத் திரும்பக் கழுவினாள், நசுக்கினாள், ஒரு சொட்டு எடுத்து வலையில் வைத்து, டங்ஸ்டன் உப்புக் கரைசலைத் தொட்டாள். அந்த உப்பு எலக்ட்ரானை மறிக்கும். சுவரில் கையை வைத்துச் சுற்றிலும் நீலம் தெளித்தால் கை வெள்ளையாக நிற்குமே, அதே மாதிரி கிருமியைச் சுற்றி உப்பு இருண்டு, கிருமி மட்டும் வெளுப்பாகத் தெரியும்.

வலை உள்ளே போனது. விளக்கை அணைத்தோம். பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. குமிழைத் திருப்பினாள், நகர்த்தினாள், இன்னும் நகர்த்தினாள். கை நின்றது.

நான் சிரிப்புக்குக் காத்திருந்தேன். வரவில்லை. வராந்தாவுக்கும் ஓடவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் உள்ளே மடிந்திருந்தது. செங்கல்தான், முடிந்தது என்று நினைத்தேன். அந்தக் குட்டியின் கண் நினைவுக்கு வந்தது. டைரக்டர் மெதுவாக, "என்னம்மா?" என்றார். தூரத்தில் ரயில் வரும் சத்தம் கேட்டது. அவள் பிளேட்டைத் தள்ளினாள், ஷட்டரைத் திறந்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ஷட்டரை மூடினாள். ரயில் தடதடவென்று கடந்துபோனது.

அப்புறம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தாள். ஒரு சிரிப்பு பாருங்கள்! ரயில் சத்தமெல்லாம் எந்த மூலைக்கு! தரையில் புரண்டு சிரித்தாள், என் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஆஃப்பாயிலுடீ! எல்லாம் ஆஃப்பாயிலு! எம்மாம் கீது பாரு! சிரிச்சா பிளேட்டு போய்டும்னு அடக்கிகினு இருந்தேன்டீ, வயிறே கிழிஞ்சிது!"

நான் அவள் முதுகில் ஒன்று வைத்தேன், பலமாகவே. பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றையும் சுற்றித் தொளதொளவென்று உறை. செங்கல் ஒன்றுகூட இல்லை. டைரக்டர் பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்று நான் கழுவிய பிளேட்டு மாதிரி கூர்மையான பிளேட்டு அந்தக் கூடத்தில் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. உள்ளங்கை அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் காயவைத்தேன்.

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தபோது ஆபீசர் குப்பத்தின் அந்தக் கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை இவளுக்குப் பொறுக்குமா? நேராக அக்காவிடம் ஓடிப் படத்தை நீட்டிவிட்டாள்.

"அக்கா, பாரு! இதான் உம் பொண்ணு ஒடம்புல கீறது. சின்னம்மதான்!"

அக்கா படத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அம்மாவா? இதான் அம்மா மொகமா?"

நாங்கள் வாய் திறப்பதற்குள் படம் உள்ளே போய்விட்டது. வேப்பிலைக்கு நடுவில், அம்மன் விளக்குக்குப் பக்கத்தில் சாத்தி, நடு உருண்டையில் குங்குமம் வைத்து, செம்பருத்தி செருகி, சூடமும் ஏற்றியாகிவிட்டது. ஆபீசர் வந்தார். படம் எங்கே என்றார். இன்னொரு பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்றேன். ஜீப்பு இப்போதே கிளம்ப வேண்டும், இப்போதே பார்க்க வேண்டும் என்றார்.

"பாரு சார், யாரு வோணாம்னா? பூட்சக் கயட்டிட்டு வா," என்றாள் அக்கா.

அந்தச் சிடுமூஞ்சி ஆபீசர் வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். காலுறையில் கட்டைவிரல் வெளியே தெரிந்தது. உள்ளே போய், சூடப் புகையில் கண் கரிக்க, பையிலிருந்து லென்ஸை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் மண்டி போட்டார். குங்குமத்தைத் தொடாமல் ஓரத்திலிருந்து ஒவ்வொரு உருண்டையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இவள் என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் இரண்டு நொறுங்கியது. ஆபீசர் பிறகு, பெரியம்மை என்றால் முத்து அங்கேயும் இருக்கும் என்பதால், குழந்தையின் உள்ளங்கையைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே வந்து தன் ஆட்களிடம், "கயித்தை அவுத்துடுங்கப்பா," என்றார்.

அக்கா படியில் அப்படியே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இவளோ ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா கீற வூட்ல சிரிக்காதடீ!" என்று அக்கா அழுதுகொண்டே அதட்டினாள். அதட்டியவளுக்கும் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் பூட்ஸை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

இந்தக் கூத்தில் குட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது. படத்தை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தலைகீழாகத் திருப்பி, பக்கவாட்டில் திருப்பி, ரொம்ப நேரம் தேடியது.

"சித்தி, இதுல நான் எங்க கீறேன்?"

சிரித்துக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. மஞ்சளும் பொருக்குமாக இருந்த அந்த உடம்பை அப்படியே வாரி எடுத்துக்கொண்டாள்.

"நீ அதுல இல்ல கண்ணு. தோ, இங்க கீற."